லாரிக்கு அசையாத குதிரை

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில், ஊர்ச் சந்தடி ஓய்ந்ததும் இருபக்கமும் கொறங்காடுகள் தொடங்கிவிடும். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் இது. அந்த வேலி முட்களில் இப்போது பனியன் உறைகளும் சிக்கிக் கிடக்கின்றன. மடித்த பனியனை உள்ளே போட்டு ஒட்டும் அந்த மெல்லிய உறையை இங்கே ‘பாலி பேக்’ என்பார்கள்.

இப்படிப்பட்ட சாலைகளில் குதிரை ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய புகார் ஒன்று உண்டு. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிய கன்டெய்னர் லாரி, காதைக் கிழிக்கும் ஹாரனோடு உரசிக்கொண்டு போகும். குதிரை ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நடந்துகொண்டே இருக்கும். நூறடி தள்ளி வேலியில் ஒரு பாலி பேக் படபடக்கும். அதே குதிரை சட்டென்று நின்று, கழுத்தை நிமிர்த்தி, மூக்கை விரித்து, அடுத்த நொடி பக்கவாட்டில் பாயும். மேலே இருந்தவர் வேலிக்குள் கிடப்பார். “ஏனுங்க, லாரிக்குப் பயப்படாதது இந்தக் கவருக்கா பயப்படும்?”

கேள்வி நியாயமானது. குதிரைக்குத் திமிர் என்பார் ஒருவர். சுழி சரியில்லை என்பார் இன்னொருவர். இரண்டும் குதிரையைக் குற்றவாளியாக்கும் பதில்கள். குதிரையின் கண்ணாலும் காதாலும் அந்த உறையைப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். மிரண்ட குதிரையை மறுபடி எப்படித் தேற்றுவது என்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆடியில் வரும் குதிரை

கொங்கு நாட்டில் குதிரை வாங்க வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் அந்தியூர். ஈரோடு மாவட்டத்தில், அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையம் குருநாதசாமி கோயிலில் ஆடித் திருவிழாவின்போது பெரிய மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். குஜராத்தின் காத்தியவார், ராஜஸ்தானின் மார்வார் இனக் குதிரைகள் வரும். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் போவதுபோல் இருப்பது இரண்டு இனத்துக்கும் பொது அடையாளம். ரேக்ளா ஓட்டுகிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள், பனியன் தொழிலில் நாலு காசு பார்த்துத் தோட்டத்தில் ஆசைக்கு ஒன்று கட்ட நினைப்பவர்கள் என்று பலரும் அங்கே நிற்பார்கள். பல்லைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், சுழியை மறக்காமல் பார்ப்பார்கள்.

சுழியை ஒரேயடியாகச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. மாடுகளின் நெற்றிச் சுழியை அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் ஆராய்ந்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள், அடைத்துப் பிடிக்கும்போது மற்றவற்றைவிட அதிகம் பதறின. கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இது கூட்டத்தின் சராசரி. எதிரே நிற்கும் ஒரு குதிரையின் குணத்தை அதன் சுழியிலிருந்து எழுதிவிட முடியாது. அதற்கு என்ன நேர்ந்தது, இனி என்ன நேரப்போகிறது என்பவற்றின் பங்கு அதைவிடப் பெரியது.

வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஆடி என்பது கொங்கு நாட்டின் காற்றுக்காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றும் மாதம். புது இடம், புது மனிதர், கூட்டாளிக் குதிரை எதுவும் இல்லாத லாயம். இத்தனைக்கும் நடுவில் வந்து இறங்கும் குதிரையைச் சுற்றி, ஆண்டிலேயே மிக அதிகமாகப் படபடக்கும் உறைகள்.

350 டிகிரிக் கண்

தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண் உள்ளவற்றுள் குதிரையும் ஒன்று. அந்தக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி வட்டத்தைக் குதிரை பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னே சிறிது, வாலுக்கு நேர் பின்னே சிறிது. இவை மட்டுமே பார்வைக்கு எட்டாத இடங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் சாலையைப் பார்க்கும்போது, குதிரை சாலையையும் இருபக்க வேலியையும் பின்னால் வரும் நாயையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உருவத்தின் கூர்மை நமக்கு இருப்பதைவிடக் குறைவு. நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. திருப்பூர்க் கம்பெனி வாசலில் குவிந்திருக்கும் வெட்டுத் துணிகளின் வண்ணக் கலவை குதிரைக்குப் பெரும்பாலும் மங்கிய இரண்டு மூன்று நிறங்கள்தான். ஓர அசைவைப் பிடிப்பதில் மட்டும் அது கெட்டி.

காதும் அப்படித்தான். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் போனால் நம் காது கேட்பதை நிறுத்திவிடும். குதிரையின் காது 33,000 வரை எட்டும். பிளாஸ்டிக் கசங்கும் சரசரப்பில் நமக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் இருக்கின்றன. ஆகவே நாம் கேட்கும் பாலி பேக் வேறு, குதிரை கேட்கும் பாலி பேக் வேறு.

இப்போது லாரியை எடுத்துக்கொள்வோம். அது சாலையோடு வருகிறது. ஓசை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, கடந்து போகிறது, தேய்கிறது. நூறு முறை வந்தாலும் அதே கணக்கு. நூறு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. வேலியில் உள்ள உறையோ எங்கிருந்தும் வரவில்லை. சும்மா இருந்தது அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. புல்லுக்குள் பதுங்கி வரும் வேட்டை விலங்கு எப்படி அசையுமோ அப்படி. டன் கணக்கு குதிரைக்குப் பொருட்டே இல்லை; அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிகிறதா என்பதே அதற்குப் பொருட்டு.

“போகும்போது சும்மா போச்சுங்க, திரும்பும்போது மிரண்டுடுச்சு” என்பதற்கும் விளக்கம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் விளையாடும் பெரிய பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்குப் பழக்கினார்கள். பழகி முடித்த பிறகு அதையே 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். குதிரைகள் புதுப் பொருளைக் கண்டதுபோலவே நடந்துகொண்டன. 2021-இல் வெளியான ஆய்வு இது. கிழக்கே போகும்போது பார்த்த உறையும் மேற்கே திரும்பும்போது பார்க்கும் உறையும் குதிரைக்கு இரண்டு உறைகள்.

மண்ணீரலில் ஒரு சேமிப்பு

ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழு ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். இடையே உள்ள தூரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடக்க, உடல் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. குதிரையின் மண்ணீரல் ஏராளமான சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு. அச்சச் சுரப்பான அட்ரினலின் பாய்ந்ததும் அது சுருங்கி, சேமிப்பை ரத்தத்தில் கொட்டிவிடும். ஓடத் தொடங்குமுன்பே தசைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோக ஆள் தயார். மிரண்ட குதிரையிடம் ரத்தம் எடுத்தால் சிவப்பணு எண்ணிக்கை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த சங்கதி.

முதலில் ஓடு, பிறகு யோசி என்பதே இந்த உடலின் கட்டளை. நூறு முறை வீணாக ஓடிய குதிரைக்கு நூறு வாய்ப் புல் நட்டம். ஒரு முறை ஓடத் தவறியதற்குச் சந்ததியே இல்லை. மனிதர்கள் இந்த இயல்பை ஓரளவு மாற்றியும் இருக்கிறார்கள். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் கருங்கடலுக்கு வடகிழக்கே இருந்த புல்வெளிகளில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கின என்று பழைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2021-இல் அறிவித்தார்கள். அப்போது மனிதர்கள் தேர்ந்தெடுத்த மரபணுக்களில் இரண்டு தனித்துத் தெரிந்தன. ஒன்று முதுகின் வலிமையோடு தொடர்புடையது. மற்றொன்று, எலிகளில் அச்சத்தையும் சீற்றத்தையும் பாதிப்பது என்று அறியப்பட்டது. ஏறி உட்கார முதுகு, ஏறவிட மனசு. ஆனாலும் மண்ணீரல் மட்டும் பழைய புல்வெளியிலேயே இருக்கிறது.

அடி எதைக் கற்பிக்கிறது?

உறையைக் கண்டு குதிரை பாய்கிறது. ஓட்டுகிறவர் சவுக்கால் ஓர் இழுப்பு இழுக்கிறார். குதிரை இதில் கற்றுக்கொள்வது என்ன? வேலியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது, உடனே முதுகில் வலித்தது. அது பயந்தது சரிதான் என்று சாட்சி சொல்லிவிட்டது சவுக்கு.

இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. கிரேக்கப் படைவீரரும் எழுத்தாளருமான ஜெனோபன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறு நூலிலேயே இது இருக்கிறது. மிரண்ட குதிரையை அடித்தால், வலிக்குக் காரணம் தான் கண்ட பொருளே என்று அது எண்ணிக்கொள்ளும். நீயே அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டி மெல்ல அழைத்துப் போ என்கிறார் அவர். நம் பக்கத்துக் கதை அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் அரபுக் கடலோரத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். வாங்கத் தெரிந்த அளவுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

டென்மார்க்கில் ஒரு வெள்ளைப் பை

நம் பாலி பேக்கை ஏறக்குறைய அப்படியே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் டென்மார்க்கின் யானா வின்தர் கிறிஸ்டென்சன். அவரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட சோதனை, எளிமையாலேயே அழகானது.

இரண்டு வயது ஆண் குதிரைகள் 27. எதற்கும் முன்பழக்கம் இல்லாதவை. அச்சப் பொருள், அசையும் வெள்ளை நைலான் பை ஒன்று. நீளம் 1.2 மீட்டர், அகலம் முக்கால் மீட்டர். குதிரைகளை ஒன்பது ஒன்பதாக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மூன்று நிமிடம் கொண்ட ஐந்து சிறு பாடங்கள் ஒரு நாளைக்கு. குதிரை நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்துக்கொண்டார்கள். கூடவே இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள்.

முதல் குழுவுக்கு முழு அச்சமும் முதல் நாளே. பை அதன் முழு ஆட்டத்தோடு எதிரே வரும். குதிரை ஓய்ந்து நிற்கும்வரை காட்டிக்கொண்டே இருப்பார்கள். இதைப் ‘பழகி ஓய்தல்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் குழுவுக்கு அதே பையைத் துண்டு துண்டாகக் கூட்டினார்கள். ஒரு படியில் குதிரை அமைதியான பிறகே அடுத்த படி. இது ‘படிப்பழக்கம்’. மூன்றாம் குழுவுக்கு முதலில் பை என்றால் தீனி என்ற உறவை ஏற்படுத்திவிட்டு, பிறகு முழு ஆட்டத்தைக் காட்டினார்கள். இது ‘மாற்றுப் பிணைப்பு’.

எது வென்றிருக்கும்? தீனிதான் என்று பெரும்பாலோர் பந்தயம் கட்டுவார்கள். வென்றது படிப்பழக்கம். அந்தக் குழுவின் குதிரைகள் மொத்தத்தில் மிகக் குறைவாகவே ஓடப் பார்த்தன. அமைதியாக நிற்கக் கற்க அவற்றுக்குத் தேவைப்பட்ட பாடங்களும் குறைவு. இதையெல்லாம்விட முக்கியமானது, அந்த ஒன்பது குதிரைகளும் ஒன்று விடாமல் தேறின. மற்ற இரண்டு குழுக்களிலும் கடைசிவரை தேறாதவை இருந்தன. நாளெல்லாம் ஆகும் என்று நாம் சலித்துக்கொள்ளும் மெதுவான வழியே கணக்குப் பார்த்தால் வேகமான வழி.

தீனி ஏன் தோற்றது? என் ஊகம் இது. முழு அச்சம் எதிரே வந்து நிற்கும்போது குதிரையின் உடல் ஓட்டத்துக்குத் தயாராகிவிடுகிறது. அந்த நேரத்தில் கொள்ளும் கேரட்டும் அதன் கணக்கிலேயே வராது. தீனியில் குற்றமில்லை, கொடுத்த நேரத்தில்தான் குற்றம். படிப்பழக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அது நல்ல துணை.

அந்தச் சோதனையில் இன்னொரு முடிவு இருக்கிறது. பல குதிரைகள் வெளியே அமைதியாகி, ஓடுவதையும் ஒதுங்குவதையும் நிறுத்திவிட்டன. பார்த்தவர் யாரும் தேறிவிட்டது என்றே சொல்லியிருப்பார். ஆனால் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் அதற்குப் பிறகும் நீடித்தது. கால் நின்ற பிறகும் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பை காங்கேயத்துக்கு வந்தால்

டென்மார்க் முறையை நம் ஊர்த் தோட்டத்தில் எப்படிச் செய்வது? ஒரு கற்பனைக் குதிரையை எடுத்துக்கொள்வோம். ஆடியில் வாங்கிய காத்தியவார்ப் பெண் குதிரை. பாலி பேக்கைக் கண்டால் பாயும். வாங்கும் முன்னரே யாரோ காதைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கை தலைக்கு அருகே போனாலே கழுத்தைத் தூக்கிக்கொள்கிறது.

தொடக்கம் உறையில் இல்லை, கையில். குதிரைக்காரர் நேராக முகத்துக்கு வரக்கூடாது; அது குதிரைக்குச் சரியாகத் தெரியாத இடம். தோள்பட்டைப் பக்கமாக, வளைந்து வரவேண்டும். குதிரை ஒரு காதைத் திருப்பினால் அங்கேயே நிற்கவேண்டும். கழுத்து இறங்கும்வரை காத்திருந்து, பிறகு ஓரடி பின்வாங்கவேண்டும். பின்வாங்குவதா என்று தோன்றும். அந்தப் பின்வாங்கல்தான் பாடம். ‘நீ அமைதியாக நின்றாய், நான் விலகினேன்’ என்பதைச் சொல்ல மனிதனிடம் இதைவிடத் தெளிவான மொழி இல்லை. கயிற்றிலும் இதே இலக்கணம். தலைக்கயிற்றை லேசாக இழுத்தால் அது கேள்வி. குதிரை அரையடி வந்ததும் உடனே தளர்த்தினால் அது பதில். இதற்கு ‘அழுத்தி விடுதல்’ என்று பெயர் வைக்கலாம். கற்றுக்கொடுப்பது அழுத்தம் அல்ல, விடுதல். இரண்டு மூன்று நொடி தாமதமாக விட்டால், குதிரை அந்த இரண்டு மூன்று நொடிக்குள் வேறு என்ன செய்ததோ அதையே கற்றுக்கொள்ளும்.

கை ஒத்துக்கொள்ளப்பட்ட பிறகு, தொடுவது எங்கே? நாம் பாசம் காட்டக் கழுத்தில் பளார் பளார் என்று தட்டுவோம். குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்வதில்லை. பல்லால் பிடரியின் அடிப்பகுதியைச் சொறிந்துவிடும். பிரான்சின் காமார்க் குதிரைகளிடம் அதே இடத்தை மனிதர்கள் சொறிந்து பார்த்தபோது இதயத் துடிப்பு இறங்கியது. வேறு இடத்தில் சொறிந்தபோது அப்படி இறங்கவில்லை. 1993-இல் வந்த ஆய்வு இது. தட்டுவது நம் திருப்திக்கு, சொறிவது குதிரைக்கு.

இனி உறை. முதல் படியில் அது உறையாகவே இருக்காது: பருத்தி பனியன் துண்டு, அசையாமல், தூரத்துக் கம்பத்தில். குதிரை அதைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பட்டும். அடுத்து அதே இடத்தில் பாலி பேக், காற்றுப் புகாதபடி இறுகக் கட்டியது. பிறகு கட்டைச் சற்றே தளர்த்தி, ஓரம் மட்டும் ஆடும்படி. பிறகு தூரத்தைக் குறைத்து. இங்கே ஒரு சூட்சுமம்: தூரத்தைக் குறைக்கும் நாளில் ஆட்டத்தைக் கூட்டக்கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றே மாறவேண்டும். இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் முதலிலிருந்து. கம்பத்தைத் திருப்பி வைத்து மீண்டும் முதலிலிருந்து. கடைசியில்தான் மனிதர் கையில் உறை, அதுவும் குதிரையை நோக்கி வராமல் விலகிப் போகவேண்டும். விலகிப் போகும் பொருளைக் குதிரை தானாகப் பின்தொடர்ந்து மோந்து பார்க்க வரும். துரத்துவது யார், துரத்தப்படுவது யார் என்ற கணக்கு அப்போது தலைகீழாகிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு பிடி கொள்ளு தாராளமாகத் தரலாம்.

ஒவ்வொரு படியிலும் பார்க்கவேண்டியது கால்களை அல்ல. கண்ணுக்கு மேலே தோல் மடிந்திருக்கிறதா, வெள்ளை விழி தெரிகிறதா, மூக்குத்துளை இறுகியிருக்கிறதா, உதடு தொங்குகிறதா என்று. வாயை வெறுமனே மெல்லுவதைச் சிலர் ‘ஒத்துக்கொண்டது’ என்பார்கள். இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு மாறும் தருணத்தில் வருவது அது. இறுக்கம் இருந்ததற்கும் அதுவே சான்று. அடிக்கடி மென்றால் படி பெரிதாகிவிட்டது என்று பொருள், ஒரு படி கீழே இறங்கவேண்டும்.

குதிரை விலகினால்? விலகட்டும். கயிறு நீளமாக இருக்கட்டும். விலக முடியும் என்று தெரிந்த குதிரையே திரும்பி வந்து பார்க்கும்.

ஒரே நாளில் அடங்கிய குதிரைகள்

தமிழ்நாட்டில் குதிரை என்றதும் தேசிங்கு ராஜன் வந்துவிடுவார். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த செஞ்சிக் கோட்டை இளைஞர். யாருக்கும் அடங்காத டெல்லிக் குதிரையைச் சிறுவயதிலேயே அடக்கினார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைக் கொண்டாடுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ‘அடக்குதல்’ ஒரே மூச்சில் நடக்கும் வீரச்செயல் என்ற எண்ணத்தை நமக்குள் ஊன்றியதில் இந்தக் கதைக்கும் பங்கு உண்டு.

வரலாற்றிலும் ஒரே மூச்சுக்காரர் ஒருவர் இருந்தார். அமெரிக்கரான ஜான் ராரே. 1858-இல் இங்கிலாந்தில், நெருங்கவே முடியாது என்று பேர்வாங்கிய குரூசர் என்ற ஆண் குதிரையைச் சில மணி நேரத்தில் சாதுவாக்கிக் காட்டினார். விக்டோரியா அரசியே அவர் வித்தையைப் பார்த்தார். சவுக்கு கிடையாது, சத்தம் கிடையாது. முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டிவிடுவார். மூன்று காலில் தத்தளித்துக் களைத்த குதிரை கடைசியில் படுத்துவிடும். பிறகு உடலெல்லாம் அன்பாகத் தடவிக் கொடுப்பார். அந்தக் காலத்து அடி உதைகளோடு ஒப்பிட்டால் இது கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டத்தையே உயிராகக் கொண்ட ஒரு பிராணியின் ஓட்டத்தைப் பறித்த பிறகு அது காட்டும் அமைதி என்ன வகை அமைதி?

1967-இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களிடம் செய்த சோதனை இதற்கு வெளிச்சம் தருகிறது. என்ன செய்தாலும் மின்னதிர்ச்சியிலிருந்து தப்ப முடியாத நிலையில் வைக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக் கிடந்தன. கற்றுக்கொண்ட கைவிடல் என்று இதைச் சொல்லலாம். அமைதிக்கும் இதற்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரியாது. அப்படி நின்ற குதிரை திருவிழாக் கூட்டத்தில் சரவெடி வெடித்ததும் திடீரென்று பாய்ந்தால், ‘இத்தனை நாள் சாதுவாக இருந்ததே’ என்பார்கள். அது சாதுவாக இருக்கவில்லை, வழியில்லாமல் இருந்தது.

சாயத்தின் மேல் சாயம்

நன்றாகத் தேறிய குதிரையும் சில வாரம் லாயத்தில் சும்மா நின்றுவிட்டு வெளியே வந்தால் பழைய மிரட்சியைக் காட்டக்கூடும். செய்ததெல்லாம் வீணா என்று வெறுப்பு வரும். வீணில்லை. அச்ச நினைவு அழிவதில்லை; அதன்மேல் ‘ஒன்றும் ஆகாது’ என்ற புது நினைவு படிகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துணியில் ஏறிய சாயத்தை மறைக்க மேலே இன்னொரு சாயம் ஏற்றினால், சில சலவைக்குப் பிறகு அடியிலிருப்பது எட்டிப் பார்க்கும். நாய்களிடம் ஓய்ந்துபோன பழக்கம் ஓர் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைகாட்டுவதை ரஷ்யாவின் பாவ்லவ் நூறாண்டுக்கு முன்பே கண்டார்.

செய்யவேண்டியது எளிது. நாலைந்து படி கீழே இறங்கித் தொடங்கினால் போதும், இரண்டாம் முறை ஏற்றம் விரைவாக இருக்கும். இடத்தையும் மாற்றவேண்டும். தோட்டத்துக் கம்பத்தில் கற்றது சாலையோர வேலிக்குத் தானாகச் செல்லாது. ஓட்டும் ஆளையும் மாற்றிப் பார்க்கவேண்டும்.

கயிற்றின் மறுமுனை

சுவீடனில் லிண்டா கீலிங்கும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் குறும்பு இருக்கிறது. குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடத்திப் போகவேண்டும். சிலர் கயிற்றைப் பிடித்து, சிலர் மேலே ஏறி. நான்கு முறை. நான்காம் முறைக்கு முன், ‘நீங்கள் கடக்கும்போது ஒருவர் குடையை விரிப்பார்’ என்று மனிதரிடம் சொல்லிவிடுவார்கள். உண்மையில் குடை விரிக்கப்படவில்லை. மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது, எதிர்பார்த்ததுதான். குதிரையின் துடிப்பும் ஏறியது. அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எதையும் அது பார்க்கவும் இல்லை. கயிற்றைப் பிடித்த விரல்களோ, உட்கார்ந்த தொடையோ, மூச்சோ செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கவேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு ‘சரி, நான் பயப்படாமல் இருக்கிறேன்’ என்று முடிவெடுப்பதால் பயன் இல்லை. துடிப்பு நம் முடிவைக் கேட்பதில்லை. ஒருமுறை விழுந்து கை ஒடித்துக்கொண்டவர் அந்தப் பாடத்தை வேறொருவரிடம் விட்டுவிடுவது குதிரைக்குச் செய்யும் உதவி. குதிரையைத் தேற்றுவதற்கு முன் அவரும் அதே படிகளில், அசையாத உறையிலிருந்து, தேறவேண்டியவர்தான்.

மனிதரைவிட நல்ல ஆசிரியர் பல நேரம் இன்னொரு குதிரை. கிறிஸ்டென்சன் குழு 2008-இல் இதையும் சோதித்தது. அச்சப் பொருளுக்கு முன்பே பழகிய துணையோடு கொண்டுவரப்பட்ட புதுக் குதிரைகள், பழகாத துணையோடு வந்தவற்றைவிடக் குறைவாக மிரண்டன, துடிப்பும் தாழ்ந்திருந்தது. துணையை விலக்கிய பிறகு நடத்திய சோதனையிலும் அந்த வேறுபாடு தங்கியிருந்ததாகவே முடிவுகள் காட்டின. அந்தியூர்ச் சந்தையில் வாலிபக் குதிரைகளின் ஓட்டத்தைப் பார்க்கக் கூட்டம் நெரியும்போது, ஓரமாகக் கட்டியிருக்கும் வயதான குதிரையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஊர்வலம், வெடி, மேளம், லாரி எல்லாம் கண்டு முடித்தது அது. வாங்கக் கையில் காசில்லை என்றாலும் பரவாயில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால், முதல் சில வாரம் அதன் பின்னால் நடக்கவிடக் கேட்டுக்கொள்ளலாம். கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அவர் குதிரைக்கும் நடை வேண்டுமே.